வீடு கேரளத்தில், அலுவலகம் கோவையில்: வேலை நேரப் பதிவு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, மீனாட்சிபுரம் முதலிய ஊர்களில் குடியிருந்துகொண்டு கோயம்புத்தூர் நிறுவனங்களுக்கு வேலை செய்கிறவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். சிலர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சரவணம்பட்டிக்கோ பீளமேட்டுக்கோ போய்வந்து, மற்ற நாட்களில் வீட்டிலிருந்து லாகின் செய்கிறார்கள். சிலர் அலுவலகத்தையே ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பார்க்கிறார்கள். இவர்களும், இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் சிறு நிறுவன உரிமையாளர்களும், இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய டீம் லீடர்களும் நேரப் பதிவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எழுதுபவன் சம்பளக் கணக்கும் வருகைப் பதிவும் பார்த்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், பதில்களிலும் அந்தத் தொழிலின் சாய்வு இருக்கும்.

ஒருவர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று தெரிந்தால் அவருடைய உற்பத்தித்திறனும் தெரிந்துவிடாதா?

தெரியாது. நேரப் பதிவு என்பது சம்பளத்துக்கும் சட்டத்துக்கும் க்ளையன்டுக்கு அனுப்பும் பில்லுக்கும் தேவைப்படுவது. எப்போது தொடங்கினார், எப்போது முடித்தார், ஓவர்டைம் உண்டா, விடுப்பு எத்தனை நாள் ஆகியவற்றோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. உற்பத்தித்திறன் என்பது அந்த நேரத்துக்குள் என்ன முடிந்தது, முடிந்தது மறுபடியும் திரும்பி வராத அளவுக்குச் சரியாக இருந்ததா என்பது.

இரண்டையும் ஒரே பதிவேட்டில் எழுதும் நிறுவனங்களில் இரண்டுமே கெட்டுப்போவதைப் பார்க்க முடிகிறது. வேலையைச் சீக்கிரம் முடிக்கிறவர், மிச்ச நேரத்தை நிரப்புவதற்காக அதை இழுக்கப் பழகிக்கொள்கிறார். கூடுதலாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவரோ, மெதுவானவர் என்ற பெயர் வந்துவிடுமோ என்று பயந்து லாக் அவுட் செய்துவிட்டு, பதிவில் வராமல் வேலையைத் தொடர்கிறார். இரண்டாவது வகை, குறிப்பாகப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம், உரிமையாளர்கள் நினைப்பதைவிட அதிகம். அந்த நிறுவனத்தின் டைம்ஷீட்டை வைத்துக்கொண்டு அடுத்த ப்ராஜெக்டுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டால், கணக்கு எப்போதும் குறைவாகவே வரும்.

வீட்டிலிருந்து வேலை செய்தால் உற்பத்தி குறையும் என்கிறார்கள். ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. எந்த வேலை, யார் செய்கிறார், எத்தனை நாள் வீட்டில் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது.

நமக்கு மிக அருகில் நடந்தது சென்னை ஆய்வு. டேட்டா என்ட்ரி வேலைக்கு எடுக்கப்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றவர்களை அலுவலகத்திலும் வேலை செய்யவைத்தார்கள். டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வீட்டில் இருந்தவர்களின் உற்பத்தித்திறன் அலுவலகத்தில் இருந்தவர்களுடையதைவிட 18 சதவீதம் குறைவு. அந்த வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் தொழிலை வேகமாகக் கற்றுக்கொண்டதால் ஏற்பட்டது. வீட்டில் இருக்க வேண்டும் என்று விரும்பியவர்களுக்குத்தான் வீட்டில் சரிவு அதிகமாக இருந்தது என்பது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. அவர்களில் பலர் குழந்தைகளையோ வீட்டுப் பெரியவர்களையோ பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் இது நியாயமாகப் புரியும்.

இதற்கு நேர்மாறானது சீனாவின் சி-ட்ரிப் பயண நிறுவனத்தில், ஷாங்காய் கால் சென்டரில் நடந்தது. நிக்கோலஸ் ப்ளூமும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட அந்த ஆய்வில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்பாடு 13 சதவீதம் உயர்ந்தது. ஆனால் அந்த 13இல் 9 சதவீதம், இடைவேளையும் உடல்நலக் குறைவு விடுப்பும் குறைந்ததால் கூடுதல் நிமிடங்கள் வேலை நடந்ததால் வந்தது. நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடியதால் வந்தது 4 சதவீதம்தான். அதே நிறுவனம் ட்ரிப்.காம் என்ற பெயரில் 1,612 பணியாளர்களிடம் ஹைப்ரிட் முறையைச் சோதித்தபோது, வாரம் இரண்டு நாள் வீட்டில் இருந்தவர்களின் செயல்திறன் மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ எந்தக் குறையும் தென்படவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்களின் எண்ணிக்கைதான் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இது 2024இல் நேச்சர் இதழில் வந்தது.

நேரப் பதிவைப் பற்றிப் பேசும்போது மிக முக்கியமானது நான்காவது ஆய்வு. ஆசியாவின் பெரிய ஐடி சேவை நிறுவனம் ஒன்றின் 10,000க்கும் மேற்பட்ட பணியாளர்களுடைய கணினிப் பதிவுகளைக் கொரோனா காலத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு வேலை நேரம் கூடியது, அதுவும் அலுவலக நேரத்துக்கு வெளியே கூடியது. முடிந்த வேலையோ லேசாகக் குறைந்தது. ஆகவே ஒரு மணி நேரத்துக்கான உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை சரிந்தது. காரணம் சோம்பல் அல்ல. மீட்டிங்குகள் பெருகி, தடையில்லாமல் உட்கார்ந்து வேலை செய்யும் நேரம் சுருங்கிவிட்டது. மணிக்கணக்கை மட்டும் பார்த்த மேலாளருக்கு அந்த மாதங்களில் எல்லாம் நன்றாக நடப்பதாகவே தோன்றியிருக்கும்.

இவற்றிலிருந்து ஒரு சிறு நிறுவனம் எடுத்துக்கொள்ளக்கூடியது என்னவென்றால், புதிதாகச் சேர்ந்தவரை முதல் சில மாதங்களாவது அருகில் வைத்துக்கொள்வது நல்லது. வேலை தெரிந்தவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீடு கொடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை.

என் வீடு கேரளத்தில் இருக்கிறது, நிறுவனம் தமிழ்நாட்டில் பதிவானது. வேலை நேரத்துக்கு எந்த மாநிலச் சட்டம்?

எல்லைப் பகுதியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பணியமர்த்தல் கடிதத்தில் எந்தக் கிளை குறிப்பிடப்பட்டிருக்கிறதோ, அந்தக் கிளை இருக்கும் மாநிலத்தின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தையே நிறுவனங்கள் நடைமுறையில் பின்பற்றுகின்றன. தமிழ்நாட்டுச் சட்டம் 1947ஆம் ஆண்டினது. கேரளச் சட்டம் 1960ஆம் ஆண்டினது. நல்லவேளையாக, அடிப்படை வரம்பு இரண்டிலும் ஒன்றுதான்: நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தமிழ்நாட்டுச் சட்டப்படி ஓவர்டைமையும் சேர்த்து ஒரு நாளில் 10 மணி நேரத்தையும் வாரத்தில் 54 மணி நேரத்தையும் தாண்டக்கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மத்திய ஊதியச் சட்டத் தொகுப்பும் ஓவர்டைமுக்கு இரட்டிப்பு விகிதத்தையே சொல்கிறது.

நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு மாநிலச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதைச் சாக்காக வைத்து, கீழே ஒருவர்கூட இல்லாதவருக்கும் 'மேனேஜர்' என்று பட்டம் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பட்டத்தை வைத்து அல்ல, செய்யும் வேலையை வைத்தே விலக்கு தீர்மானிக்கப்படும். இன்போசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து அந்த எண்ணைச் சுட்டிக்காட்டிப் பேசும் உரிமையாளர்களைச் சந்திக்க நேர்கிறது. அவர்கள் 54 என்ற எண்ணையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

விடுமுறை? ஓணத்துக்கு லீவு உண்டா, பொங்கலுக்கு உண்டா?

கோவைக் கிளையில் இருப்பவருக்குத் தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியல்தான். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் சேர்த்து ஒன்பது நாள் கொடுத்தாக வேண்டும். திருவோணத்தன்று கோவை மாவட்டத்தில் பல ஆண்டுகளில் உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுகிறது என்றாலும் அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான். வீட்டில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் ஓண விடுமுறை ஓடிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் அடுத்த அறையில் அலுவலக அழைப்பில் பேசிக்கொண்டிருப்பது இங்கே வருடாவருடம் நடப்பது. விருப்ப விடுமுறை என்று இரண்டு நாளைப் பட்டியலில் திறந்து வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நேரப் பதிவு மென்பொருள் உண்மையில் எதையெல்லாம் பதிவு செய்கிறது?

மூன்று வகைகள் உண்டு. முதல் வகை, பணியாளரே தொடக்கத்தையும் முடிவையும் அழுத்திப் பதிவது. டாகிள், க்ளாக்கிஃபை, ஸோஹோ பீப்பிள் போன்றவற்றின் டைம்ஷீட்டுகள் இந்த வகை. இரண்டாவது, கணினியில் எந்தச் செயலி எவ்வளவு நேரம் திறந்திருந்தது, கீபோர்டும் மவுஸும் எவ்வளவு அசைந்தன என்று தானாகவே கணக்கெடுப்பது. மூன்றாவது, அதோடு நில்லாமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட்டும் எடுப்பது. ஹப்ஸ்டாஃப், டைம் டாக்டர் போன்றவற்றில் இந்த வசதி உண்டு, வேண்டாம் என்றால் நிறுத்தியும் வைக்கலாம்.

இரண்டாம் வகையில் வரும் 'செயல்பாட்டுச் சதவீதம்' என்ற எண்தான் அதிகக் குழப்பம் தருவது. பத்து நிமிடத்தில் எத்தனை வினாடிகளில் கீபோர்டோ மவுஸோ அசைந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. பழுதைத் தேடி ஒரு மணி நேரம் ப்ரோக்ராமின் வரிகளைப் படித்துக்கொண்டிருப்பவருக்கு 20 சதவீதமும், அரட்டையில் வேகமாகத் தட்டிக்கொண்டிருப்பவருக்கு 90 சதவீதமும் வரும். மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் செயலியில் ஐந்து நிமிடம் கையை எடுத்தால் மஞ்சள் புள்ளி வந்துவிடுகிறது. அந்தப் புள்ளியைப் பார்த்து ஆளை அளக்கிற மேலாளர்கள் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டே 2020இல் தன் 'ப்ரொடக்டிவிட்டி ஸ்கோர்' வசதியில் தனி நபர்களின் பெயர்களைக் காட்டிக் கடும் விமர்சனத்துக்கு ஆளாகி, அந்த ஆண்டு டிசம்பரில் பெயர்களை நீக்கியது.

வீட்டில் இருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எடுப்பது சட்டப்படி சரியா?

நிறுவனம் கொடுத்த கணினியில், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு, வேலை நேரத்தில் எடுத்தால் அதை நேரடியாகத் தடைசெய்யும் சட்டம் இல்லை. ஆனால் எல்லையற்ற உரிமையும் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அரசுக்கு எதிராக எழுந்த வழக்கு அது. தனியார் நிறுவனங்களையும் நேரடியாகக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன.

அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான தேவைகளுக்காகவும், தொழில் ரகசியம் வெளியே போகாமல் தடுப்பது போன்றவற்றுக்காகவும் பணியாளரின் தரவைத் தனியாகச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்த நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. 'வேலை தொடர்பான' என்ற சொற்களுக்குள் வராத எதுவும் இந்த இடத்துக்குள் வராது. பணியாளர் வங்கிக் கணக்கைத் திறந்திருந்தபோது எடுத்த படமோ, வெப்கேமில் பின்னால் நடந்து போன மாமியாரின் படமோ எந்தத் தேவைக்கு என்று கேட்டால் நிறுவனத்திடம் பதில் இருக்காது. சேமித்த தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதால், தேவையில்லாத படங்களைச் சேர்த்துவைப்பது நிறுவனத்துக்கே சுமை. சொந்த லேப்டாப்பில் வேலை செய்கிறவர், வேலைக்கென்று தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கி அதில் மட்டும் மென்பொருளை நிறுவிக்கொள்வது பாதுகாப்பானது.

நான் வீட்டில்தான் இருந்தேன். ஆனால் பதிவில் கொச்சி என்றும் சில நாள் சென்னை என்றும் காட்டுகிறது. நான் ஊர் சுற்றியதாக மெமோ வந்திருக்கிறது. என்ன செய்வது?

எல்லை ஊர்களில் இது சாதாரணம், பொய் சொன்னதற்கான ஆதாரம் அல்ல. ஐ.பி. முகவரியை (இணைய இணைப்புக்குத் தரப்படும் எண்ணை) வைத்து ஊரைக் கண்டுபிடிக்கும் முறை, உங்கள் இணைய நிறுவனத்தின் மையம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் காட்டும். வீட்டு ஃபைபர் இணைப்பு கேரள வட்டத்தைச் சேர்ந்தது என்றால் கொச்சி என்றோ திருவனந்தபுரம் என்றோ வரும். அதே நாளில் நெட் போய், தமிழ்நாட்டு சிம்மில் ஹாட்ஸ்பாட் போட்டால் ஊர் சட்டென்று மாறிவிடும். வி.பி.என். (வேறொரு சர்வரைத் தொட்டு வரும் பாதுகாப்பு இணைப்பு) வழியாக வந்தால் அதன் சர்வர் இருக்கும் ஊர் தெரியும். வாளையாற்றிலும் வேலந்தாவளத்திலும் வீட்டின் முன்வாசலில் ஒரு மாநிலத்து டவரும் பின்கட்டில் மற்றொரு மாநிலத்து டவரும் கிடைப்பது இங்கே குடியிருப்பவர்களுக்குப் புதிதல்ல.

மெமோவுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். இணைப்பு எந்த நிறுவனத்துடையது, எந்த நேரத்தில் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, அந்த நேரத்து லாகின் பதிவைக் கேட்டு வாங்கி இணையுங்கள். நிறுவனங்களுக்குச் சொல்வது இதுதான்: க்ளையன்ட் ஒப்பந்தத்தில் நாட்டை விட்டு வெளியே லாகின் செய்யக்கூடாது என்று இருந்தால் நாட்டளவில் மட்டும் கட்டுப்பாடு வையுங்கள். ஊரளவில் வைத்தால் வாரம் இரண்டு மெமோ எழுதுவதற்கே ஒரு ஆள் வேண்டியிருக்கும்.

இரவு ஷிப்ட் பார்த்த நாளில் ஆப்சென்ட் போட்டிருக்கிறார்களே?

மென்பொருள் நாளை நள்ளிரவு 12 மணிக்கு முடித்துவிடுவதால் வரும் கோளாறு இது. மாலை 6.30க்கு உள்ளே வந்து அதிகாலை 3.30க்கு வெளியேறுகிறவரின் செவ்வாய்க்கிழமைப் பதிவில் 'உள்ளே 18:30, வெளியே இல்லை' என்று இருக்கும். புதன்கிழமைப் பதிவில், வெளியேறிய 3.30ஐ உள்ளே வந்ததாகவும், அன்று மாலை மறுபடி உள்ளே வந்த 18:30ஐ வெளியேறியதாகவும் எடுத்துக்கொண்டு, பதினைந்து மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டும். செவ்வாய் ஆப்சென்ட், புதன் ஓவர்டைம், இரண்டுமே பொய். நாள் மாறும் நேரத்தை நண்பகலுக்குத் தள்ளி, ஷிப்ட் தொடங்கிய தேதியிலேயே முழு ஷிப்டும் சேரும்படி அமைத்தால் சரியாகிவிடும். பெரும்பாலான மென்பொருள்களில் இதற்கு அமைப்பு உண்டு. யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

அமெரிக்க க்ளையன்ட் என்றால் இன்னொன்றும் உண்டு. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். நியூயார்க்குக்கும் நமக்கும் இடையிலான வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிரில் பத்தரை. அந்த வாரங்களில் ஷிப்ட் நேரத்தை மென்பொருளில் மாற்ற மறந்தால் நவம்பரில் குழு மொத்தத்துக்கும் 'தாமதம்' விழும்.

மவுஸ் ஜிக்லர் (மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் கருவி) வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். ஒரே சீரான அசைவைக் கண்டுபிடிப்பது மென்பொருளுக்குக் கடினம் அல்ல. 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு அசைவைப் போலியாக உருவாக்கியதற்காகப் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது. ஆனால் ஒரு குழுவில் இரண்டு மூன்று பேர் ஜிக்லர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், மேலாளர் அவர்களை விசாரிக்கும் முன் தான் எதை அளக்கிறேன் என்று பார்த்துக்கொள்வது முறை. வேலையை அளக்கும் இடத்தில் ஜிக்லருக்கு விலை இல்லை.

கரண்ட் போனால், நெட் போனால் அந்த நேரம் யார் கணக்கு?

ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஒவ்வொரு முறையும் சண்டைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் மரம் விழுந்து லைன் அறுவது இங்கே வருடாந்திர வழக்கம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஒரு நாள்கூட லைன் போகாது என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. பணியாளரின் பொறுப்பு என்று நியாயமாகச் சொல்லக்கூடியவை இவை: மோடத்துக்கும் லேப்டாப்புக்குமாவது இரண்டு மணி நேரம் தாங்கும் யூ.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர், வேறு நிறுவனத்து சிம்மில் மாற்று இணைப்பு, தடை ஏற்பட்ட பத்து நிமிடத்துக்குள் டீம் லீடருக்குத் தகவல். இந்த மூன்றும் இருந்தும் வேலை நின்றால், அந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கில் வர வேண்டும். இன்வெர்ட்டருக்கும் இரண்டாவது இணைப்புக்குமான செலவில் ஒரு பங்கை நிறுவனம் கொடுப்பதும் நியாயமே, ஏனெனில் அலுவலகத்தில் டீசல் ஜெனரேட்டருக்குப் பணியாளரிடம் காசு வாங்குவதில்லை.

இடைவேளை எடுத்தால் 'ஐடில்' (சும்மா இருக்கிறார்) என்று வருகிறது. சாப்பிடவும் கூடாதா?

தமிழ்நாட்டுச் சட்டப்படி தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடையில் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். அந்த ஓய்வை மென்பொருளில் இடைவேளையாகவே பதிவுசெய்ய வழி இருக்க வேண்டும்.

அப்படியானால் எதைத்தான் அளப்பது?

வேலையைப் பொறுத்தது. கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறையப் பேர் செய்யும் மெடிக்கல் கோடிங்கையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை இடும் வேலை அது. மணிக்கு எத்தனை சார்ட் (ஒரு நோயாளியின் குறிப்புத் தொகுப்பு) என்ற டார்கெட்டும், பொதுவாக 95 சதவீதத் துல்லியமும் கேட்பார்கள். அளவுகோல் தெளிவாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ரேடியாலஜி (எக்ஸ்ரே, ஸ்கேன்) கோடர் ஒருவர் அரைப் பக்க அறிக்கைகளில் மணிக்கு இருபதுக்கும் மேல் முடிப்பார். உள்நோயாளி சார்ட் பார்ப்பவர், அறுவை சிகிச்சைக் குறிப்பு, மருந்துப் பட்டியல், டிஸ்சார்ஜ் சம்மரி என்று நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டி, மணிக்கு இரண்டோ மூன்றோதான் முடிப்பார். இருவரையும் ஒரே அட்டவணையில் போட்டு வரிசைப்படுத்தும் டேஷ்போர்டு உள்நோயாளி கோடரை அவமானப்படுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

அதே பிரிவுக்குள்ளும் சிக்கல் உண்டு. சார்ட்டுகளைத் தாங்களே எடுத்துக்கொள்ள விட்டால், பக்கம் குறைந்ததை முதலில் எடுப்பவர் நாள் முடிவில் முன்னணியில் இருப்பார். கனமானதை எடுத்தவர் பின்னால் நிற்பார். சார்ட்டை வரிசைப்படி மென்பொருளே ஒதுக்கினால் இது பாதி சரியாகும். மீதி பாதிக்கு, தணிக்கையில் திரும்பிய சார்ட் எத்தனை, காப்பீட்டு க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டு வந்தது எத்தனை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரும்பி வந்த ஒரு சார்ட்டைச் சரிசெய்ய, முதல்முறை செய்ததைவிட அதிக நேரம் போகிறது. அந்த நேரம் பெரும்பாலும் வேறொருவர் கணக்கில் விழுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

வாடிக்கையாளர் சேவையில், எத்தனை டிக்கெட் (வாடிக்கையாளர் புகார்ப் பதிவு) மூடினார் என்பதைவிட, மூடியதில் எத்தனை ஒரு வாரத்துக்குள் மறுபடி திறந்தது என்பது நல்ல அளவு. மென்பொருள் எழுதுகிறவர்களை ப்ரோக்ராமின் வரிக்கணக்கால் அளக்கவே கூடாது. ஒப்புக்கொண்ட வேலை ஒப்புக்கொண்ட வாரத்தில் முடிந்ததா, முடிந்தது உடையாமல் ஓடுகிறதா என்று குழுவாகப் பார்ப்பது போதும். கணக்கு வேலை செய்கிறவர்களுக்கு மாத முடிவு எத்தனையாம் தேதி மூடப்படுகிறது என்பதே சொல்லிவிடும். எந்த அளவானாலும் ஒரு நாளை வைத்து முடிவு செய்யாமல், நான்கு வாரச் சராசரியைப் பார்ப்பது குறைந்தபட்ச நேர்மை.

வீட்டு நாளையும் அலுவலக நாளையும் ஒப்பிடலாமா?

எண்ணுக்கு எண் ஒப்பிடக்கூடாது. அலுவலக நாளில் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதும், கூடி உட்கார்ந்து முடிவெடுப்பதும் நடக்கும். அவை எந்த டேஷ்போர்டிலும் ஏறாது. அலுவலக நாளில் எண்ணிக்கை சற்றுக் குறைவது நல்ல அறிகுறியாகக்கூட இருக்கலாம். மாறாக, எல்லையைத் தாண்டி வந்து, அங்கேயும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வீட்டில் இருப்பவர்களோடு வீடியோ மீட்டிங்கில் பேசிவிட்டுத் திரும்புவதானால் அந்தப் பயணமே வீண். குழு முழுவதும் ஒரே நாளில் வரும்படி நாட்களை வகுத்தால் மட்டுமே ஹைப்ரிட் முறைக்கு அர்த்தம் உண்டு.

இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வேலை வருகிறது. இது எந்தக் கணக்கில்?

வேலை நேரத்துக்கு வெளியே அழைப்பைத் தவிர்க்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமாக்கின. நம் நாட்டில் நாடாளுமன்ற உறுப்பினர் சுப்ரியா சுலே 2018இல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆனால் உங்களைச் செய்யச் சொன்ன வேலை பத்து மணிக்குச் செய்தாலும் வேலைதான். மறுநாள் டைம்ஷீட்டில் அந்த நாற்பது நிமிடத்தை, யார் கேட்டார் என்ற குறிப்போடு பதிந்துவிடுங்கள். இரண்டு மாதம் விடாமல் இப்படிப் பதிந்தால், கேட்கிறவர்களே கேட்கும் நேரத்தை மாற்றிக்கொள்வதைப் பார்க்கலாம்.

அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளம் வழியாக மணிக்கணக்கில் வேலை செய்கிறேன். அங்கேயும் இதே விதிகளா?

அங்கே நீங்கள் பணியாளர் அல்ல, ஒப்பந்தக்காரர். அதன் 'வொர்க் டைரி' பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் எடுக்கும். விரும்பாத படத்தை நீங்களே நீக்கலாம், ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கான பணமும் போய்விடும். டைரியில் பதிவான நேரத்துக்குத்தான் பணப் பாதுகாப்பு உண்டு என்பதால், படம் வேண்டாம் என்றால் மொத்தத் தொகை ஒப்பந்தத்துக்கு மாறுவதே வழி.

எங்கள் நிறுவனத்தில் எட்டுப் பேர்தான். எங்கிருந்து தொடங்குவது?

மென்பொருள் வாங்குவதிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு தாளில் ஒவ்வொருவரும் வாரத்துக்கு என்ன முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால், எந்த மென்பொருளாலும் அதை அளக்க முடியாது. அடுத்து, வருகைக்கு ஒரு பகிரப்பட்ட எக்செல் தாள் போதும்: தேதி, தொடக்கம், முடிவு, இடைவேளை, எங்கிருந்து, எந்த க்ளையன்ட். பதினைந்து நிமிடத்துக்குக் குறைவான துண்டுகளைப் பதியச் சொல்லாதீர்கள்; பதிவதே ஒரு வேலையாகிவிடும். வெள்ளிக்கிழமை மாலையில் அரை மணி நேரம் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நேரம் அதிகமாகி வேலை குறைந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எது உங்களைத் தடுக்கிறது என்பதை. பாதிக்கு மேல் பதில் மீட்டிங், அனுமதிக்குக் காத்திருப்பு, மெதுவான கணினி என்றுதான் வரும்.

பதிவுகளை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

வருகைப் பதிவும் ஓவர்டைம் பதிவும் சம்பள ஆவணங்கள். தொழிலாளர் துறை ஆய்வுக்கும் வருமான வரிக் கணக்குக்கும் தேவைப்படும் காலம்வரை இருக்க வேண்டும். செயல்பாட்டுச் சதவீதமும் ஸ்கிரீன்ஷாட்டும் அப்படி அல்ல. பில் ஒப்புக்கொள்ளப்பட்ட பின் அவற்றை வைத்திருக்கக் காரணம் இல்லை. பணியாளர் தன் பதிவைத் தானே எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடிய வேண்டும், டீம் லீடர் தன் குழுவினுடையதை மட்டும் பார்க்கலாம், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

வேலையை விட்டு விலகுகிறவர்கள் நிறுவனத்து லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் தங்கள் டைம்ஷீட்டையும் ஓவர்டைம் கணக்கையும் பி.டி.எஃப். ஆகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. லாகின் மூடப்பட்ட பிறகு நிலுவைத் தொகையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால், கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுவாகத்தான் இருக்கும்.